சிவப்புப் புத்தகமும் தோட்டப்புறமும்: மூத்த அதிகாரிகளின் சீர்திருத்தப் பயிற்சி குறித்து ஒரு நோக்கு

பசிபிக் தீவு நாடுகளின் மூத்த அரசாங்க அதிகாரிகள் நிர்வாகச் சீர்திருத்தம் பயில வரும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. 1980-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் பிஜி, பாப்புவா நியூ கினி முதலிய நாடுகளின் அலுவலர்கள் 'இந்தான்' எனப்படும் தேசியப் பொது நிர்வாகக் கழகத்தில் பயிற்சி பெற்றுள்ளனர். அவர்கள் பயிலும் மலேசிய அனுபவம் எவ்வாறு உருவாயிற்று, அதில் எது விடுபட்டது என்பதை மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குடியேற்றக் காலத்து மாவட்ட அதிகாரியின் பணி வரி, நிலம், ஒழுங்கு என்பனவற்றுள் அடங்கியது. அவரை வளர்ச்சிப் பணியின் தலைவராக்கியவர் துன் அப்துல் ரசாக். 1960-இல் மாவட்டந்தோறும் 'சிவப்புப் புத்தகம்' வந்தது. மாவட்ட வரைபடத்தின்மேல் ஒளிபுகும் தாள்களை விரித்து, எங்குச் சாலை, எங்குக் குடிநீர், எங்குப் பள்ளி தேவை எனக் குறிக்க வேண்டும். செயலறைச் சுவரில் ஒவ்வொரு பணியின் நிலையும் தெரியும். துன் ரசாக் நேரில் வந்து தாமதத்திற்குக் காரணம் கேட்பார். எந்தக் கல்லூரியும் தர இயலாத பயிற்சி அது என்பது என் கருத்து. பின்னர், 1966-இல் மாண்ட்கோமரி, எஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரின் அறிக்கை வெளிவந்தது. பிரதமர் துறையில் வளர்ச்சி நிர்வாகப் பிரிவு தோன்றியது. 1972-இல் இந்தான் அமைந்தது.

இனி ஜாசினுக்கு வருவோம். இங்குக் கம்பமும் தோட்டமும் அருகருகே இருந்தன. கம்பம் பெங்ஹுலுவின் வழியே மாவட்ட அலுவலகத்தோடு இணைந்திருந்தது. தோட்டமோ நிறுவனத்தின் தனியுடைமை. அதன் சாலை, குழாய்நீர், லயம், மருந்தகம் யாவும் நிர்வாகத்தின் பொறுப்பு. மேற்பார்வை தொழிலாளர் இலாகாவுடையது. ஆகவே ஊரக வளர்ச்சித் திட்டங்கள் தோட்ட வாயிலோடு நின்றன. இதனை அதிகாரிகளின் காழ்ப்பு எனக் கொள்வது பொருந்தாது. அவர்கள் பயின்ற வரைபடம் அவ்வாறு அமைந்திருந்தது. 1966, 1990-ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டங்களும் கடமையை முதலாளியிடமே வைத்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் விற்கப்பட்டபோதும் வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள், மாவட்ட அலுவலகத்துக்கு அறிமுகமற்றவர்களாக நகர்ப்புறம் சேர்ந்தனர். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆசிரியர்க்குச் சம்பளம் அரசாங்கத்தது, பள்ளி நின்ற நிலம் தோட்டத்தது என்ற நிலையில், ஒரு கூரையைச் செப்பனிட யாரிடம் மனுச் செய்வது என்ற வினா அவர்களுக்குப் பழகியதே.

பசிபிக் நாடுகளுக்கு இவ்வினா நெருக்கமானது. பாப்புவா நியூ கினியில் நிலத்தின் பெரும்பகுதி வழக்காற்று உரிமையில் உள்ளது. பிஜியிலும் பெரும்பகுதி பூர்வகுடியினரின் கூட்டுடைமை. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழிவந்த கரும்பு விவசாயிகள் பலர் குத்தகையாளர்கள். 1997 முதல் அவர்தம் முப்பதாண்டுக் குத்தகைகள் முடிவுறத் தொடங்கியபோது பலர் நிலத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அரசுக்குச் சொந்தமல்லாத நிலத்தில் வாழ்வோர்க்கு அரசின் எந்த அலுவலர் பொறுப்பு? செயலறையின் வெற்றியை மட்டும் கற்றுத் திரும்பும் அதிகாரிக்கு இதற்கு விடை கிடைக்காது.

பயிற்சியின் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். 1960-களின் ஜாசின் வரைபடம் ஒன்றை விரித்து, மெர்லிமாவ், ஆசகான் பகுதிகளின் கம்பங்களிலும் தோட்டங்களிலும் ஒவ்வொரு கிணற்றுக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் பொறுப்பாளர் யார் என வருகையாளர்களையே எழுதச் செய்யலாம். பின்னர் அவரவர் நாட்டு வரைபடத்தில் அதனையே செய்யச் சொல்லலாம்.