ஓயாத சண்டையா, தூக்கமே இல்லையா? மனசுக்கும் இருக்கு வைத்தியம்!

மங்கலம்:

திருப்பூரை அடுத்த மங்கலம் சுற்று வட்டாரத்தில் ஏராளமான குடும்பங்கள் பனியன் கம்பெனி, விசைத்தறி வேலையை நம்பி உள்ளன. காய்ச்சல், தலைவலி என்றால் உடனே ஊசி போட ஓடும் தொழிலாளர்கள், மனசு சரியில்லை என்றால் மட்டும் எங்கே போவது என தெரியாமல் தவிக்கின்றனர். மந்திரித்து கயிறு கட்டுவது, இல்லாவிட்டால் டாஸ்மாக், அதுவும் முடியாவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் என்பதோடு விஷயம் முடிந்து விடுகிறது. ஆனால் இதற்கு முறையான சிகிச்சை உண்டு. அதுவும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

ஒன்றரை ஷிப்ட் வாழ்க்கை

காலை 8.30 மணிக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு 8.30 மணி. கணவன் ஒரு கம்பெனி, மனைவி ஒரு கம்பெனி. தறி ஓட்டுபவர்களுக்கோ ராத்திரி வேலை, பகலில் தூக்கம். ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்து பேச நேரம் கிடைப்பதில்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் வாடகை, குழு கடன், குடி என்று சண்டை ஆரம்பிக்கிறது. வெளி மாவட்டத்தில் இருந்து பிழைக்க வந்தவர்களுக்கு சமாதானம் பேச பெரியவங்களும் பக்கத்தில் கிடையாது.

எது சண்டை, எது நோய்?

எல்லா சண்டையும் நோய் அல்ல. ஆனால் 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனசு கனத்துப் போவது, எதிலும் பிடிப்பு இல்லாதது, தூக்கம், பசி கெட்டுப் போவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு ஆகியவை மன அழுத்த நோயின் அறிகுறிகள். திடீர் என நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்து விடுவோமோ என்ற பயம் வந்து, இ.சி.ஜி. எடுத்தால் 'நார்மல்' என வருவது பதற்ற நோயாக இருக்கலாம்.

இது அபூர்வமான வியாதியும் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநல பாதிப்பு இருப்பது தெரிய வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சைக்கே போகவில்லை.

யாரிடம் போவது?

'சைக்கியாட்ரிஸ்ட்' என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டர். மாத்திரை எழுதித் தருவது இவர்தான். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' பேச்சு மூலம் சிகிச்சை தருபவர். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். 'கவுன்சிலர்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று தாராளமாக கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம்.

பேச்சே மருந்து

பேச்சு சிகிச்சை என்றால் அட்வைஸ் செய்வது அல்ல. உதாரணத்துக்கு, தைத்த பீஸ் செக்கிங்கில் திரும்பி வருகிறது. உடனே 'என் வாழ்க்கையே இப்படித்தான்' என்று மனசு முடிவு கட்டுகிறது. அந்த நினைப்பை பிடித்து நிறுத்தி, 'இது உண்மைதானா, ஒரு பீஸ்தானே திரும்பி வந்தது?' என்று கேட்கப் பழக்குவது ஒரு முறை. அமெரிக்க டாக்டர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சை இது. வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் 1 மணி நேரம் வரை என சில மாதங்கள் நடக்கும்.

முடங்கி கிடப்பவரை சின்னச் சின்ன வேலைகளில் மீண்டும் இறக்கி விடுவது இன்னொரு முறை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடும் மன அழுத்த நோயாளிகளிடம் இதை சோதித்தார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். 6 முதல் 8 முறை பேசியதில், 3 மாதத்தில் 64 சதவீதம் பேர் நோயில் இருந்து மீண்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதம். இந்த முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன.

கணவன், மனைவி சேர்ந்து வந்தால்...

தம்பதி கவுன்சிலிங்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, பழைய கதையை இழுக்காமல் இன்றைய பிரச்சினையை மட்டும் பேசுவது போன்றவற்றை பழக்குவார்கள். 'நான் என்ன பைத்தியமா?' என்று கணவர் வர மறுத்தால், மனைவி மட்டும் போனாலும் பலன் உண்டு. மனைவி மறுத்தாலும் அப்படியே. விவாகரத்து வழக்கு வரை போனவர்களுக்கும் குடும்பநல கோர்ட்டில் கவுன்சிலிங் உண்டு.

ஆனால் வீட்டில் அடி, உதை இருந்தால் கதை வேறு. அடிப்பவரையும் அடி வாங்குபவரையும் ஒன்றாக உட்கார வைத்து பேச வைப்பது ஆபத்து. அங்கே உண்மையை சொன்னால் வீட்டுக்குப் போய் மறுபடி அடி விழும். முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யலாம். 2005ம் ஆண்டு குடும்ப வன்முறை தடுப்பு சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் தரலாம்.

குடியை திடீரென நிறுத்தாதீங்க

பல வீட்டு சண்டைக்கு மூல காரணம் குடி. தினமும் அதிகமாக குடிப்பவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவருக்கு தெரியாமல் சோற்றில் மருந்து கலப்பதும் ஆபத்து.

மாத்திரைக்கு பயமா?

'ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது' என்ற பயம் பலருக்கும் உண்டு. மன அழுத்த மாத்திரை பெரும்பாலும் அடிமையாக்குவது கிடையாது. வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். 3 நாளில் குணமாகவில்லை என்று விட்டு விடுவதும், கொஞ்சம் தேறியதும் சொந்தமாக நிறுத்துவதும்தான் தப்பு. மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே தூக்க மாத்திரை வாங்குவது அதை விட பெரிய தப்பு. அது பழக்கமாகி விடும்.

எங்கே போகலாம்?

மங்கலம்வாசிகளுக்கு பக்கத்தில் இருப்பது திருப்பூர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி. தமிழகத்தில் 1997ல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநல திட்டம் இப்போது எல்லா மாவட்டத்திலும் உள்ளது. மனநல டாக்டர் எந்த நாளில் எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதை அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொள்ளலாம். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மூலமும் சிகிச்சை பெறலாம்.

லீவு போட்டால் சம்பளம் போகுமே என்பவர்கள் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த 'டெலி மானஸ்' சேவை 24 மணி நேரமும் இலவசம். ஷிப்ட் முடிந்து ராத்திரியிலும் தமிழில் பேசலாம். இந்தி உள்பட பல மொழிகளில் பேச முடியும் என்பதால் பீகார், ஒடிசா தொழிலாளர்களும் பயன்படுத்தலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உள்ளது.

நாலு பேருக்கு தெரிந்து விடுமோ என்ற பயமும் வேண்டாம். 2017ம் ஆண்டு மனநல சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது கட்டாயம்.

உயிரை விட்டு விடலாம் என்று யாராவது சொன்னால் 'சும்மா மிரட்டுறாங்க' என்று விட்டு விடக் கூடாது. அவரை தனியாக விடாமல், 'அப்படி நினைப்பு வருதா?' என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்து விடாது. மாறாக, பாரம் குறையும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்கு சிகிச்சை தருவது அரசின் கடமை என்று இதே சட்டம் சொல்கிறது. எனவே போலீஸ் கேசுக்கு பயந்து சிகிச்சையை தள்ளிப் போடத் தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது.