குரலுக்குப் போகும் சுற்றுவழி

பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கழுத்தில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறதாம். முன்கழுத்து வழியாக அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். "கை கால் விழுந்துவிடுமோ?" என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், முன்பு தைராய்டு அறுவை நடந்ததையும், அதிலிருந்து பாடம் நடத்தும்போது குரல் சீக்கிரம் களைத்துவிடுவதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது.

கை காலைக் காக்க இன்று நல்ல ஏற்பாடுகள் உண்டு. மண்டைத்தோலில் மின்தூண்டல் கொடுத்து, அது தண்டுவடம் வழியாகக் கைக்கும் காலுக்கும் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று அறுவை நடக்கும்போதே கவனிக்கிறார்கள். சமிக்ஞை மங்கினால் மருத்துவர் கையை நிறுத்திக் காரணம் தேடுவார். நசுங்கிய தண்டுவடத்துக்கு ரத்தம் குறையாதபடி, மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தைத் தாழவிடாமல் பார்த்துக்கொள்வார்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு நரம்பு, குரல்நாண்களை அசைக்கும் நரம்பு. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை இது. குரல்வளைப் பக்கமாகவே வந்தாலும் அங்கே நிற்காமல் கீழே போய்விடுகிறது. இடப்பக்கம் நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியின் வளைவுக்கு அடியிலும், வலப்பக்கம் கைக்குப் போகும் தமனிக்கு அடியிலும் புகுந்து, மறுபடி மேலேறிக் குரல்வளையை அடைகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று நான்கு மீட்டரைத் தாண்டும்! கருவில் கழுத்தருகே இருந்த இதயம் கீழே இறங்கும்போது அதன் தமனிகள் நரம்பையும் மாட்டி இழுத்துக்கொண்டன. எங்கள் வீட்டுக் கொல்லையில் குலை தள்ளிய வாழை சாயும்போது துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு இறங்கும், அதே கதைதான். இரண்டாம் நூற்றாண்டு ரோமில் காலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்புகளைத் துண்டித்து, அதன் குரல் அடங்குவதை ஊரார் முன் காட்டினார்.

திரும்பி ஏறும் நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போகிறது. 1950களில் ராபின்சன், ஸ்மித், கிளோவர்டு ஆகியோர் வகுத்த முன்கழுத்து அறுவையில், அந்த இரண்டு குழாய்களையும் ஒதுக்கிப் பிடித்துத்தான் எலும்பை எட்ட முடியும். ஒதுக்கிப் பிடிக்கும் கருவியின் தகடுகளைக் கழுத்துத் தசைக்கு அடியில் பத்திரமாகச் செருகுவதும், இடையிடையே தளர்த்துவதும் நரம்பின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும். மூச்சுக்குழாயில் செருகிய டியூபின் பலூனிலிருந்து காற்றை ஒருமுறை இறக்கி மறுபடி நிரப்புவோரும் உண்டு. அதன் பயன் குறித்து மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி ஆசிரியைக்கு. தைராய்டு அறுவையில் இந்த நரம்பு அடிபட்டு ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்தாலும் மறுபக்கம் ஈடுகட்டிவிடுவதால் பலருக்கு அது தெரியவே தெரியாது. அது தெரியாமல் நல்ல பக்கமாகத் திறந்து அந்த நரம்பும் அடிபட்டால், இரு நாண்களும் மூச்சுவழியை அடைத்துக்கொள்ளலாம். அதனால் முன்பு கழுத்தில் அறுவை நடந்தவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டிவிட்டே அறுவைக்குப் போக வேண்டும். சில நிமிடச் சோதனைதான். ஒரு பக்கம் ஏற்கெனவே செயலிழந்திருந்தால் அந்தப் பக்கமாகவே திறப்பார்கள். கைநிறைய எம்.ஆர்.ஐ. படங்களோடு போகிறோம், பழைய தைராய்டு அறுவையை மட்டும் "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இதே கதிதான். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மருத்துவரும் கேட்க வேண்டும், நாமும் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின் குரல் கரகரப்பதும் விழுங்க வலிப்பதும் சகஜம். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். தணியாவிட்டால் பனங்கற்கண்டுப் பாலோடு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். செயலிழந்த நாணை ஊசி மருந்தால் நடுப்பக்கம் தள்ளிக் குரலை மேம்படுத்த வழியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது என்றால் அன்றே சொல்லுங்கள். முதல் சில நாட்களில் தோளிலிருந்து கையைத் தூக்க முடியாமல் போனாலும் உடனே சொல்ல வேண்டும். ஐந்தாம் கழுத்து நரம்பின் தளர்ச்சியாக இருந்தால் பலருக்கு மாதங்களில் சரியாகிவிடும். வேறு காரணமா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். நள்ளிரவானாலும் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள்.