சட்டமும் கிருபையும்

கிறித்துவ சமயத்தைக் கற்கப் புகும் மாணவர், பாவம், நியாயப்பிரமாணம், கிருபை என்னும் மூன்று சொற்களைக் கடந்தே செல்ல வேண்டும். எபிரேய மொழியில் பாவத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று, குறி தவறுதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது. பழைய ஏற்பாட்டில், மயிரிழையும் தப்பாது கவண் எறியவல்ல 700 வீரரைப் பற்றிக் கூறுமிடத்திலும் அவ்வினையே வருகின்றது.

அக்குறி எது என்று காட்டுவது யூதருடைய சட்டம். அதனைத் தோரா என்பர். போதனை என்பது அதன் பொருள். செய்க என்பன 248, செய்யற்க என்பன 365, ஆக 613 கட்டளைகள் என்று தல்மூது கணக்கிடுகின்றது. தொகையைக் கண்டு மலைக்க வேண்டா. சீனாய் மலையில் கட்டளைகளைத் தொடங்குமுன்னரே, எகிப்தின் அடிமைத்தளையினின்று அவர்களை மீட்டவர் தாமே என்று கடவுள் அறிவிக்கின்றார். மீட்பு முந்தியது, சட்டம் பிந்தியது. யூத சமயத்தில் அருளுக்கு இடமில்லை என்போர் இவ்வரிசையை நோக்குவதில்லை. ஈ. பி. சாண்டர்ஸ் என்னும் அறிஞர் 1977இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்குப் பின்னர் அக்கூற்று பெரிதும் வலுவிழந்தது.

அங்ஙனமாயின் பூசல் எங்கே எழுந்தது? அந்தியோகியா நகரில், உணவுப் பந்தியில் எழுந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இயேசுவை ஏற்ற யூதரும் பிறரும் அங்கே ஒன்றாய் உண்டனர். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வரவே, அவர் அஞ்சி விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். விருத்தசேதனமும் உணவு விதிகளும் ஏற்றால்தான் பிற இனத்தார் முழு உறுப்பினர் ஆவர் எனின், கிறிஸ்துவின் மரணம் வீணே என்பது பவுலின் வாதம்.

அவ்வாதத்தில் அவர் காட்டும் உவமை ஒன்று சுவையானது. கிரேக்கச் செல்வர் இல்லங்களில், சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வழியில் தீங்கு நேராது காத்து, நடத்தை பிழைத்தால் கடிந்து, மீண்டும் இல்லம் சேர்க்கும் அடிமை ஒருவன் இருப்பான். பாடம் சொல்லுதல் அவன் பணியன்று. சிறுவன் வளர்ந்ததும் அவன் காவலும் முடியும். பவுல் சட்டத்தை ஒப்பிட்டது இவனோடுதான். பழைய தமிழ் வேதாகமமோ அவனை உபாத்தியாய் ஆக்கிவிட்டது! வாழ்நாளெல்லாம் உபாத்தியாயராய் இருந்த எனக்கு அது பெருமையே. எனினும் உவமையின் கூர்மை மழுங்கிவிடுகின்றது.

உழைப்பவன் பெறுவது கூலி, அது கடன். தகுதி நோக்காது அளிப்பது கொடை, அதுவே கிருபை. கிருபை பெருகுமாறு பாவம் செய்து கொண்டே இருக்கலாமோ என்று எவரும் கேட்கக்கூடும். பவுல் தாமே அவ்வினாவை எழுப்பி, கூடவே கூடாது என்று மறுக்கின்றார். புதிய உடன்படிக்கை என்னும் தொடரை முன்னரே ஆண்டவர் எரேமியா தீர்க்கதரிசி. அவர் சொன்னபடி, சட்டம் அழிவதில்லை; கற்பலகையை விட்டு நெஞ்சில் எழுதப்படுகின்றது. இயேசு தம் இறுதி இராவுணவில் அதனை நிறைவேற்றினார் என்பது கிறித்தவர் கொள்கை. யூதரோ, அவ்வாக்கு இசுரவேல் யூதா குடும்பத்தார்க்கு உரைக்கப்பட்டதென்றும், சீனாய் உடன்படிக்கை இன்றும் நிலைத்துள்ளதென்றும் கொள்வர். கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் பாவநிவாரணப் பலிகள் நின்றன. ஆண்டுதோறும் அந்நிவாரண நாளில், உணவும் நீரும் நீத்து, யூதர் இன்றும் கடவுளின் இரக்கத்தையே வேண்டி நிற்கின்றனர்.