கணினிக்கு ஒரு பட்டா

2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. கள்ளக்குறிச்சி வட்டாரத்து மாணவர் பலரும் அவற்றைப் பெற்றனர். கணினி அவர்களுக்கே சொந்தம். அதனுள் இயங்கும் விண்டோஸ் என்னும் மென்பொருளும் சொந்தமா? அன்று. விலை கொடுத்துக் கடையில் வாங்கியவருக்குங்கூட அது சொந்தமன்று. இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என்னும் உரிமம் ஒன்றே அவர் பெற்றது.

கல்வராயன் மலை மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா பெற்ற குடும்பம் நிலத்தை உழலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்க இயலாது. கணினியோடு வரும் விண்டோஸ் உரிமமோ அதனினும் குறுகியது. அந்தக் கணினியோடு பிறந்து, அதனோடே மடிவது.

ஆயினும் நிலத்தைப் படியெடுக்க முடியாது. மென்பொருளை நொடியில் படியெடுக்கலாம். இதைத் தடுக்கவே ஆக்டிவேஷன் என்னும் பதிவுமுறை எழுந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி அதனை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. மென்பொருளோடு 25 எழுத்தும் எண்ணும் கலந்த சாவி ஒன்று தரப்பட்டது. அது மனம்போனபடி எழுதியதன்று. நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசிய எண்ணால் இட்ட கையொப்பம் அதனுள் அடங்கியிருந்தது. கணினியால் அக்கையொப்பம் மெய்யா என்று சோதிக்க முடியும். தானே இட முடியாது.

அடுத்துக் கணினி தன் வட்டு, நினைவகம், வலையட்டை முதலிய உறுப்புகளின் அடையாளங்களைச் சுருக்கி ஓர் எண்ணாக்கும். சாவியின் விவரமும் இவ்வெண்ணும் நிறுவனத்திற்குச் செல்லும். அச்சாவி வேறு கணினிகளில் அளவுக்கு மீறிப் பதியப்படவில்லையெனில் உறுதி எண் திரும்பி வரும். இணையம் இல்லாதவர் அந்நாளில் தொலைபேசியில் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதில் எண்ணைப் பெறவும் வழியிருந்தது. மலையூர்களுக்கு ஏற்ற ஏற்பாடுதான்!

ஓரிரு உறுப்புகளை மாற்றினால் கணினி பொறுத்துக்கொள்ளும். தாய்ப்பலகையை மாற்றினாலோ அது புதுக் கணினி என்றே கொள்ளப்படும். பழுது பார்த்தவனை அந்நியனாக நடத்துவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. தொழிற்சாலையிலேயே விண்டோஸ் ஏற்றிய கணினிகளில் உரிம அடையாளம் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால், அங்கே இச்சிக்கல் இன்னும் கடுமையானது.

இச்சோதனையை ஏமாற்றும் "கிராக்" நிரல்களைச் சிலர் நாடுகின்றனர். அவை இயங்கக் கணினியின் முழு அதிகாரத்தையும் கேட்கும். முகந்தெரியாதவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தபின் அவன் எதை எடுத்தான் என்று யார் அறிவார்?

நிற்க. அத்திட்டத்தில் தொடக்கத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது நடுவணரசின் சீ-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதற்கும் உரிமம் உண்டு, மாணவ நண்பர்களே! ஆனால் அதன் நிபந்தனை நேர்மாறானது: படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், திருத்தி வழங்குவோர் மூலநிரலையும் உடன்தர வேண்டும். ஆகவே வெள்ளிமலை மாணவர் ஒருவர் அதனைச் சின்னசேலத்து நண்பருக்குப் படியெடுத்துக் கொடுத்தால், சாவியும் இல்லை, உறுதி எண்ணும் இல்லை. எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதும் இல்லை.