இழை மாறிய பிணைப்பு

பெரிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் பாவு பிணைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஓரிடத்தில் மாறிப் பிணைந்தால் அந்தப் பிழை சேலை நெடுக ஓடும்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயிலும் அடிக்கடி நடப்பது இதுதான். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி செல், கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைச் செய்யப் பழக வேண்டும். அதற்காக 'ராக்' என்ற நொதி அந்தச் செல்லின் மரபணுவையே வெட்டி, துண்டுகளை மாற்றி ஒட்டவைக்கிறது. பி, டி செல்களைத் தவிர உடம்பில் வேறெந்தச் செல்லுக்கும் இந்த வேலை கிடையாது. எந்தக் கிருமி வந்தாலும் ஈடுகொடுக்கும் வல்லமை இதிலிருந்துதான் வருகிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

முதல் பிழை பெரும்பாலும் கருவிலேயே நேர்ந்துவிடும். 12, 21ஆம் குரோமோசோம்கள் முறிந்து மாறி ஒட்டிக்கொள்ள, ஈடிவி6, ரன்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் கலப்பு மரபணு செல்லை முதிரவிடாமல் பாதியில் நிறுத்திவைக்கிறது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. பிற்பாடு ராக் கத்தரி வெட்டக் கூடாத இடத்தில் வெட்டி வேறு மரபணுக்களும் அறுபடும்போதுதான், முதிராத செல்கள் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. பிள்ளை வெளிறிப்போகிறது, காய்ச்சல் விடுவதில்லை, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்கிறது.

"மாசமா இருந்தப்ப என்னத்தச் சாப்பிட்ட?" என்று தாயைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். செல்லுக்குள் தற்செயலாக நேரும் முறிவு இது. அவள் செய்த தப்பு எதுவுமில்லை.

இதே காஞ்சியில் பிறந்த முதல்வர் அண்ணாவை 1969இல் வேறு வகைப் புற்றுநோய் கொண்டுபோனது. அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவர் மறைவதற்கு முன்பே, 1963இல், அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் தொடக்க வாரங்களில் இன்றும் அதை ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அது எடுக்கப்படுவது நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! ஒரு கிராம் மருந்துக்கே மூட்டை மூட்டையாக இலை வேண்டும். செடியை அரைத்துக் குடித்தால் நோய் போகாது, நஞ்சுதான் ஏறும்.

ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்க உள்ளே மெல்லிய கதிர் இழைகள் உருவாகும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. பெருகப் பார்க்கும் செல் இழுக்க இழையில்லாமல் அப்படியே நின்று, செத்துப்போகிறது.