வடித்த மறுநாளும் எண்ணெய் ஏன் பழுப்பு?

பழைய ஆட்டோ கியர் கார் ஒன்று பட்டறைக்குப் போகிறது. மெக்கானிக் அடித்திருகைத் திறந்து கியர் எண்ணெயை வடிக்கிறார், புதியதை ஊற்றுகிறார், பணத்தை வாங்கிக்கொள்கிறார். மறுநாள் காலை அப்பா அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கிறார். புது எண்ணெய் ரோஜா சிராப் போலச் சிவந்திருக்க வேண்டும். கம்பியில் ஒட்டியிருப்பதோ பழுப்பு. “எண்ணெயை மாற்றவே இல்லை, ஏமாற்றிவிட்டான்!” என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

மாணவர்களே, பெரும்பாலும் அந்த மெக்கானிக் ஏமாற்றியிருக்க மாட்டார். அவர் ஊற்றிய எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது. வடிக்க முடியாத பழைய எண்ணெயும் அதோடு இருக்கிறது. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் கேள்வி.

கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா வட்டாரத் தாமான்களில் பழைய புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா வண்டிகள் இன்றும் கண்ணில் படும். சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரின் அடிப்படையில் ஷா ஆலாமில் தயாரிக்கப்பட்டது. பின்னாளில் வந்த ஆட்டோ கியர் சாகாவில் முன்னோக்கிச் செல்ல மூன்றே கியர்கள்தான். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் அது எளிய இயந்திரம். ஆனாலும் அதன் கியர்பெட்டிக்குள் நடக்கும் இயற்பியல் இன்றும் மாறவில்லை.

கைக்கியர் காரில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே காலால் மிதிக்கும் கிளட்ச் இருக்கும். ஆட்டோ காரில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. உள்ளீடற்ற பெரிய வடை போன்ற ஓர் உலோக உருண்டை என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றும். அது எண்ணெயை வீசும். வீசப்பட்ட எண்ணெய் எதிரே உள்ள விசிறியைத் தள்ளிச் சுழற்றும். இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்ற சிறிய சக்கரம் எண்ணெயின் திசையைத் திருப்பிவிட்டுத் திருப்புவிசையைக் கூட்டித் தரும். ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் அப்போது யோசித்தது காரைப் பற்றி அல்ல, கப்பலைப் பற்றி. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க ஒரு வழி தேடினார்.

ஒளிந்திருக்கும் இடம் இப்போது புரிந்திருக்கும். அடித்திருகைத் திறந்தால் கியர்பெட்டியின் அடித்தட்டில் தேங்கியிருக்கும் எண்ணெய் மட்டுமே வடியும். கன்வெர்ட்டருக்குள் இருப்பது வெளியே வர வழியில்லை. ரேடியேட்டருக்குப் போகும் குளிர்விப்புக் குழாய்களிலும் கொஞ்சம் தங்கிவிடும். பழைய மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில் கன்வெர்ட்டருக்கே தனியாக ஒரு வடிதிருகு வைத்திருந்தார்கள். நல்ல யோசனை, மற்ற நிறுவனங்கள் பல அதைப் பின்பற்றாதது எனக்கு வியப்புதான்.

ஒரு கியர்பெட்டியில் மொத்தம் 6 லிட்டர் எண்ணெய், திருகு வழியே வடிவது 2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை வடித்து 2 லிட்டர் புதியது ஊற்றினால் உள்ளே பழையது 4 லிட்டர். அதாவது 67 விழுக்காடு! பழுப்பு நிறத்தில் என்ன வியப்பு? வண்டியை ஓட்டி இரண்டையும் நன்றாகக் கலக்கவிட்டு மறுபடி 2 லிட்டர் வடித்தால் மீதி மூன்றில் இரண்டின் மூன்றில் இரண்டு, 44 விழுக்காடு. மூன்றாம் முறை 30. நான்காம் முறை 20. ஒவ்வொரு முறையும் குறையும் அளவு சிறுத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்தான் இது. எத்தனை முறை வடித்தாலும் பூச்சியம் வராது, வரவும் தேவையில்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறு குவளை கோப்பி ஓ ஒரு பாத்திரத்தில். இரண்டு குவளை எடுத்துவிட்டு இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் மாதிரியாக எடுத்து வையுங்கள். இப்படியே நான்கு முறை செய்து மாதிரிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். காரிலும் அதே கதைதான். இரண்டு வடிப்புகளுக்கு நடுவே வண்டியை ஓட்டி எல்லாக் கியர்களையும் போடவில்லை என்றால், காசு கொடுத்து ஊற்றிய புது எண்ணெயே திரும்ப வடிந்துவிடும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் மாற்ற வேண்டும்? ஆட்டோ கியருக்குள் இருக்கும் எண்ணெய் வெறும் மசகு இல்லை. கன்வெர்ட்டரில் அதுதான் எஞ்சினின் ஆற்றலைக் கடத்துகிறது. வால்வுகளுக்குள் ஓடி, எந்தக் கியர் எப்போது விழ வேண்டும் என்பதையும் பழைய வண்டிகளில் அதன் அழுத்தம்தான் முடிவு செய்கிறது. கிளட்ச் தகடுகளை இறுக்குவதும் அதுவே. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் பாஸ்கல் தத்துவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 700 கிலோபாஸ்கல் அழுத்தம் 100 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் மீது விழுந்தால் கிடைக்கும் விசை 7,000 நியூட்டன். அத்தனை விசையோடு நெருக்கப்படும் அந்தத் தகடுகளின் மேல் ஒட்டியிருப்பது, நம்பினால் நம்புங்கள், காகித நாரால் ஆன ஒரு பூச்சு.

இந்தத் தகடுகளுக்கு ஒரு விசித்திரமான தேவை உண்டு. எண்ணெய் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். அதிகம் வழுக்கினால் தகடு கருகும். அதிகம் பிடித்தால் கியர் மாறும்போது வண்டி குலுங்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்குவத்தைத் தந்தது எண்ணெய்த் திமிங்கலம். அதன் தலையிலிருந்து எடுத்த மெழுகு போன்ற எண்ணெயை அமெரிக்காவில் ஆட்டோ கியர் எண்ணெயில் சேர்த்தார்கள். வெப்பத்தைத் தாங்கும், உராய்வைப் பதமாக வைத்திருக்கும். 1970களின் தொடக்கத்தில் அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்களால் அந்த எண்ணெய்க்குத் தடை வந்தது. வேதியியலாளர்கள் செயற்கைச் சேர்மங்களைத் தேடி ஓடினார்கள். திமிங்கல எண்ணெயை ஒத்த மெழுகு ஹொஹோபா என்ற பாலைவனச் செடியின் விதையில் இருப்பதால் அதன் மீதும் கவனம் திரும்பியது. காரை ஓட்டியவர்களுக்குத் தங்கள் கியர்பெட்டியில் ஒரு திமிங்கலம் இருந்தது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

இன்றைய சேர்மங்களும் என்றென்றும் தாங்குவதில்லை. அவற்றின் பெரிய எதிரி வெப்பம். நான்காம் படிவ வேதியியலில் வினை வேகம் படிப்பீர்கள்: வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராய விதி. பெருநாள் விடுமுறையில் ஆயர் குரோ பக்கம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஊர்ந்து போகும்போது கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வீணாகக் கலக்கப்பட்டுச் சூடாகிறது. 80 பாகையில் இருக்க வேண்டியது 110 பாகைக்கு ஏறினால் ஆக்சிஜனேற்றம் எட்டு மடங்கு வேகம். சிவப்பு பழுப்பாகும், பிறகு கருக்கும். உண்மையில் அந்தச் சிவப்பு ஒரு சாயம்தான். ஒழுகினால் எஞ்சின் எண்ணெயிலிருந்து பிரித்தறிவதற்காகச் சேர்த்தது. அதனால் நிறத்தைவிட மூக்கை நம்புவது நல்லது. கருகிய வாடை அடித்தால் தகடுகள் தேய்கின்றன என்று பொருள். எண்ணெய் ஆயர் பாண்டுங் போல இளஞ்சிவப்பாகப் பால்போல் கலங்கியிருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டர் நீர் உள்ளே கசிந்திருக்கிறது, வண்டியை ஓட்டவே கூடாது.

அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறச் சேறு மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லுகள் இருந்தால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

இங்கேதான் பழைய வண்டிக்காரர்களின் பெரிய பயம் வருகிறது. “பல வருடமாக மாற்றாத கியர் எண்ணெயைத் தொடாதே, தொட்டால் கியர் போய்விடும்.” தேய்ந்த தகடுகளின் துகள்கள் பழைய எண்ணெயில் மிதந்து கொஞ்சம் பிடிமானம் கொடுக்கின்றன என்று பட்டறைகளில் காரணம் சொல்வார்கள். என் கருத்து இது: கியர் ஏற்கெனவே வழுக்குகிற வண்டிதான் பெரும்பாலும் எண்ணெய் மாற்ற வருகிறது, நோய் முற்றியபின் வந்த நோயாளி அது. பழி கடைசியாகத் தொட்டவர் மேல் விழுகிறது. கியர் சரியாக விழுகிறது, கருகல் வாடை இல்லை, சில்லுகள் இல்லை என்றால், இயந்திரம் வைத்து ஒரேயடியாகக் கழுவுவதைவிட, சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து மாற்றுவதே பழைய கியர்பெட்டிக்கு ஏற்றது. மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். எந்த வகை எண்ணெய் என்பதைக் கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். எல்லாச் சிவப்பு எண்ணெயும் ஒன்றல்ல.

வடிப்பதற்கு முன் வண்டியைச் சில நிமிடம் ஓட்டுவார்கள். 40 பாகையில் இந்த எண்ணெய் 100 பாகையில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு பிசுக்கானது. இளஞ்சூட்டில் தாராளமாக ஓடும், அடியில் படிந்த கசடையும் இழுத்துக்கொண்டு வரும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கடியில் யாரும் நுழையக் கூடாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். நீங்கள் வேடிக்கை பார்க்கப் போனாலும் தள்ளியே நில்லுங்கள்.

ஊற்றும்போது, வடிந்த அளவை முதலில் அளந்து அதே அளவு ஊற்ற வேண்டும். எண்ணெய் சூட்டில் விரியும். 6 லிட்டர் எண்ணெய் 50 பாகை சூடேறினால் ஏறத்தாழ கால் லிட்டர் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் பல கார்களில் எண்ணெய் சூடாகி, எஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியைப் பார்க்கச் சொல்கிறார்கள். சில நிறுவனங்கள் எஞ்சினை அணைத்தவுடன் பார்க்கச் சொல்லும். இதற்கும் கையேடுதான். அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருக்கும் காற்று அமுங்கும், அழுத்தம் குறையும், 7,000 நியூட்டன் கிடைக்காது, தகடு வழுக்கும்.

வடித்த எண்ணெய் என்ன ஆகிறது? மலாயில் கோலா என்றால் ஆற்றின் முகத்துவாரம். கோலா சுங்கை பாருவில் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கரையில் மீன்பிடிப் படகுகள். இங்கே சாக்கடையில் ஊற்றும் எண்ணெய் கடலுக்குப் போக நெடுந்தூரம் இல்லை. ஒரு லிட்டர் எண்ணெய் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும். ஏறத்தாழ பன்னிரண்டு பூப்பந்துத் திடல்கள். நான்கு முறை வடித்தால் 8 லிட்டர். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் கழிவு மசகெண்ணெயை அட்டவணைக் கழிவாகப் பட்டியலிட்டிருக்கின்றன. பட்டறை மூலையில் மூடி வைத்திருக்கும் அந்தக் கறுப்புப் பீப்பாய் உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்காகக் காத்திருக்கிறது. வீட்டில் வடித்த எண்ணெயையும் மூடியுள்ள கலனில் ஊற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.