வேப்பெண்ணெயும் ஆக்கவுரிமையும்

வியாபார விடயமாக நெல்லியடிக்குப் போயிருந்தபோது, வேப்பெண்ணெய் எடுக்கும் தம்பி ஒருவர் இரண்டு போத்தல்களோடு வந்தார். "நானா, இது வெங்காயப் பூஞ்சணத்துக்கு. கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுத்து, சவர்க்காரமும் தண்ணியும் கலக்கிறன். இஞ்ச ஒருத்தரும் இப்பிடிச் செய்யேல்லை. மனுசியின்ர நகையை அடகு வைச்சாவது பேட்டன்ட் எடுக்கப்போறன்" என்றார்.

நகை என்றதும் எனக்குத் திக்கென்றது. தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் ஒரு பழைய வழக்கைச் சொன்னேன்.

அமெரிக்காவின் டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பனியும் அந்நாட்டு விவசாயத் திணைக்களமும் சேர்ந்து ஏறக்குறைய இதையே கேட்டிருந்தன. கரைப்பானால் பிரித்த வேப்பெண்ணெய், குழம்பாக்கும் பொருள், தண்ணீர். இவற்றால் பயிர்ப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறை. எண்ணெயின் அளவு நூற்றுக்கு 0.1 முதல் 10 வரை. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் 1994இல் உரிமையைக் கொடுத்தது. வந்தனா சிவா உள்ளிட்டோர் 1995இல் ஆட்சேபித்தனர். இந்திய உற்பத்தியாளர் ஒருவர், இதையொத்த தயாரிப்பைத் தாம் 1985, 1986ஆம் ஆண்டுகளிலேயே விவசாயிகளின் நிலங்களில் பரீட்சித்ததாகச் சாட்சியம் சொன்னார். 2000 மே மாதம் உரிமை இரத்தானது. அதற்கெதிரான மேன்முறையீடும் 2005 மார்ச் 8ஆம் திகதி தள்ளுபடியானது. ஆக, பத்து வருட இழுபறி!

"அப்ப எனக்கும் கிடையாதோ?"

அவசரப்படக் கூடாது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பொருள் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, அத்துறையில் சாதாரண தேர்ச்சியுள்ளவருக்கு வெளிப்படையாகத் தெரியாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முன்னைய வேலையை நெல்லியடியில் மட்டும் தேடினால் போதாது. உலகம் முழுவதும் தேட வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் இலேசுதான். ஐரோப்பாவில் இதற்கொரு நல்ல வழக்கம் இருக்கிறது. மிகக் கிட்டிய பழைய முறையை எடுத்து, அதிலிருந்து புதியது எங்கே விலகுகிறது, அந்த விலகலால் எந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று பார்ப்பார்கள். பிறகுதான் முக்கிய கேள்வி: தொழில் தெரிந்தவர் அப்படிச் செய்திருக்க முடியுமா என்பதல்ல, செய்திருப்பாரா என்பதே. கொதிநிலையைக் கொஞ்சம் கூட்டுவது, ஒரு கரைப்பானுக்குப் பதில் அதே இனத்து இன்னொன்றைப் போடுவது போன்றவை இதில் பெரும்பாலும் தேறுவதில்லை. எல்லோரும் கெட்டுவிடும் என்று ஒதுக்கிய வழியில் போய் நல்ல பலன் கண்டால் கதை வேறு.

"அது சரி, ஏன் இரண்டு போத்தல்?" என்று கேட்டேன்.

ஒன்றில் எண்ணெய் மேலே மிதந்தது. மற்றது ஆறு மாதப் பழையதாம், ஆனாலும் பால்போல் இருந்தது. பொருட்கள் ஒன்றுதான், சேர்க்கும் ஒழுங்கும் சூடும் மட்டும் வேறு என்றார். இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

"அந்த ஒழுங்கை எனக்கும் சொல்லாதே தம்பி. விண்ணப்பம் போடும்வரை ஒருவருக்கும் சொல்லாதே. இன்னும் நாலைந்து முறை காய்ச்சி, திகதி போட்டுக் குறித்து வை. அதற்குள் பழைய ஆக்கவுரிமைகளில் இந்த ஒழுங்கு இருக்கிறதா என்று விடயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு தேடு. நகை அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும்" என்றேன்.

தேநீருக்குக் காசை அவர்தான் கொடுத்தார். மிதந்த போத்தலை என்னிடம் விட்டுவிட்டு, மற்றதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போனார்.